பிரான்சின் கிராமச் சாலைகளில் ஏழு நாள்: முதல்முறை கார் எடுப்பவர்களுக்கு

பிரான்சில் கார் எடுத்துக்கொண்டு கிராமங்கள் வழியாகப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் ஊர்ப் பெயர்களைப் பட்டியல் போடுகிறார்கள். பிறகு ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு நெடுஞ்சாலைக்குச் சரி. மலையிலும் பள்ளத்தாக்கிலும் வளைந்து போகிற சாலைக்கு அது பொருந்தாது. ஒரு நாளைக்கு 130 கி.மீ. போதும். வண்டியை நிறுத்த மனம் வருகிற இடங்கள் அவ்வளவு இருக்கின்றன.

திட்டத்தை மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. பிரான்சின் கிராமங்களில் பன்னிரண்டு மணி அடித்தால் கடைகள் சாத்தப்படும். மறுபடி திறக்க இரண்டு, இரண்டரை ஆகும். உணவகங்கள் அந்த இடைவெளியில்தான் மதியச் சாப்பாடு போடும், அதிலும் ஒன்றரைக்குப் பிறகு போனால் சமையலறை மூடிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசித்தால் திறந்திருக்கும் இடம் தேடி அடுத்த பெரிய ஊர் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை மணிக்கு எந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலை எங்கே, மாலை எங்கே என்பது தானாக அமைந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் பாதை, நாட்டின் நடுவில் இருக்கும் கிளேர்மோன்-ஃபெரான் நகரத்தில் தொடங்கி, தெற்கே அவிஞோனில் முடிகிறது. அணைந்துபோன எரிமலைகள், மாடு மேயும் உயர்ந்த புல்வெளி, சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கு, செஸ்ட்நட் காடு, கடைசியில் ரோமானியர் கட்டிய பாலம். மொத்தம் 700 முதல் 800 கி.மீ.க்குள் இத்தனையும் வந்துவிடுகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

எந்த மாதம்?

மே கடைசி முதல் ஜூன் முடிய, அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், புல்வெளியில் பூ இருக்கும். இந்தப் பாதையில் வரும் பா-த-பேரோல் கணவாய் ஏறத்தாழ 1,590 மீட்டர் உயரம்; குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடியிருக்கும், வசந்தத்தில்தான் திறப்பார்கள். கிளம்புவதற்கு முதல் வாரம் அந்த மாவட்டத்தின் சாலை நிலவரத்தை இணையத்தில் பார்த்துவிடுங்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலை மாவட்டங்களில் பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம் என்று 2021 முதல் சட்டம் இருக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டிய நிலை என்றால் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். நாடே விடுமுறைக்குக் கிளம்பும் நாள் அது. 'பிஸோன் ஃபுத்தே' என்ற அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பு 1976 முதல் இருக்கிறது. ஒவ்வொரு நாளையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் குறிப்பார்கள். கறுப்பு என்றால் அன்று கார் எடுக்காமல் இருப்பதே நல்லது.

செப்டம்பர் பாதிக்குப் பிறகு என்றால் இன்னொரு கவனம் தேவை. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, நம் பாதையின் கடைசிப் பகுதியில் வரும் செவென் மலைத்தொடரில் மோதி, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். வறண்டு கிடந்த ஆறு கண்முன்னே பெருகும். பிரான்ஸ் வானிலைத் துறை மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடும். ஆரஞ்சு வந்தால் அன்று ஆற்றோரச் சாலையில் போகாதீர்கள், தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள்.

ஒரு காகித வரைபடம் வாங்குங்கள்

செல்பேசி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வழிகாட்டும் செயலிக்குத் தெரிந்தது வேகமான வழி. எந்தச் சாலை அழகு என்று அது சொல்லாது. மிஷெலின் வரைபடத்தில் அது அச்சாகியிருக்கிறது: இயற்கைக் காட்சி நன்றாக இருக்கும் சாலையின் ஓரமாக ஒரு பச்சைக் கோடு கூடவே ஓடும். நான் பாதை போடும் முறை எளிது. வரைபடத்தை மேசையில் விரித்து, பச்சைக் கோடு ஓடும் துண்டுகளைப் பென்சிலால் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போவேன். இணைகிற இடங்களில் இருக்கும் ஊர்கள் சாப்பிடவும் தங்கவும்.

அந்த வரைபடத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சாலைமேல் சின்னச் சின்ன அம்புக்குறிகள் தெரியும். அவை ஏற்றத்தைக் காட்டுபவை. ஒரு அம்பு என்றால் சுமாரான ஏற்றம், மூன்று என்றால் 13 சதவீதத்துக்கும் மேல். மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் மூன்று அம்புச் சாலையை விட்டுவிடலாம். கணவாய்களின் பக்கத்தில் உயரமும், பனியால் மூடக்கூடிய மாதங்களும் எழுதியிருக்கும். மிஷெலின் நிறுவனம் 1889இல் பிறந்தது நாம் புறப்படும் கிளேர்மோன்-ஃபெரானில்தான். அந்த ஊர்ப் புத்தகக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

செல்பேசியும் வேண்டும். ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்னதாகவே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையைத் தவிர் என்ற அமைப்பையும் போட்டு வையுங்கள். இன்னொன்று: பலகையில் எழுதியிருப்பதும் வாயால் சொல்வதும் பிரெஞ்சில் வேறு வேறு. 'மியோ' என்று நான் எழுதும் ஊர், பலகையில் 'மில்லாவ்' என்று படிக்கும்படி இருக்கும். 'லாயோல்' என்பது 'லாகுயோல்' போலத் தெரியும். ஊர்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்திலேயே ஒரு தாளில் பெரிதாக எழுதி வண்டியில் வைத்துவிட்டால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பலகையோடு ஒப்பிட்டுச் சொல்லலாம்.

உரிமமும் வண்டியும்

சுற்றுலாவுக்கு வருபவர்கள் சொந்த ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வர வேண்டும். இந்தியாவில் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருகிறது. அனுமதி மட்டும் இருந்தால் போதாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். பிரான்சிலேயே குடியேறியவர்களுக்கு ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய உரிமம் ஓராண்டுதான் செல்லும்.

வண்டியைப் பாரிஸில் எடுக்காதீர்கள். பாரிஸ் நெரிசலில் வலப்பக்கம் ஓட்டக் கற்றுக்கொள்வது வீண் பதற்றம். பாரிஸ்-பெர்ஸி நிலையத்திலிருந்து கிளேர்மோன்-ஃபெரானுக்கு நேர் ரயில் இருக்கிறது. மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலை ரயிலில் போய் அன்றே வண்டியை எடுத்து, இரவு அங்கேயே தங்கி, ஞாயிறு காலை கிளம்புவதுதான் என் யோசனை. ஞாயிற்றுக்கிழமை வாடகை அலுவலகங்கள் பல திறக்காது. சனிக்கிழமை மதியமும் இடைவேளை உண்டு, நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைச் சாலை காலியாக இருக்கும், கை பழக அதைவிட நல்ல நேரம் இல்லை. ரயிலேறும் முன் பாரிஸ் லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் ஊறுகாய், மிக்சர், தேவையானால் ரசப்பொடி வாங்கிக்கொள்ளலாம். அங்கே விட்டால் வழியில் கிடைக்காது.

முன்பதிவின்போது கவனிக்க வேண்டியவை: ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமானால் அப்படிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் கையால் கியர் போடும் வண்டிதான் வரும். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் தொகை கேட்பார்கள். சின்ன வண்டியாக எடுங்கள். கிராமத்துத் தெருக்கள் மாட்டு வண்டிக் காலத்தில் போட்டவை.

வண்டியைக் கையில் வாங்கியதும் அவசரப்படாமல் நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும், கண்ணாடியையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் மூடியைத் திறந்து என்ன ஊற்ற வேண்டும் என்று பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கு வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10, டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7. டீசலைப் பிரெஞ்சில் 'கஸோல்' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பெட்ரோல் என்று நினைத்துவிடக் கூடாது. ஈ85 என்பது எத்தனால் கலவை, விலை குறைவாகத் தெரியும், சாதாரண வண்டிக்கு ஊற்றக் கூடாது. ஒளிரும் மேற்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருப்பது கட்டாயம். மேற்சட்டை டிக்கியில் இருந்தால் போதாது, இருக்கையிலிருந்து கைக்கு எட்ட வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பின்னிருக்கையில், அவர்களுக்கான இருக்கையில்.

வலப்பக்கம் ஓட்டுவது

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம், பக்கத்தில் இருப்பவர் ஓரத்துப் பக்கம். குழப்பம் வந்தால் இதை நினைத்தால் போதும். தவறு நெரிசலில் நடப்பதில்லை, அங்கே முன்னால் போகிற வண்டியைப் பின்பற்றிவிடுவோம். காலையில் தங்கிய வீட்டிலிருந்து ஆளில்லாத சாலைக்கு வண்டியை எடுக்கும்போதும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். அந்த இரண்டு நேரத்திலும் பக்கத்தில் இருப்பவர் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம்.

புதியவர்களுக்கு விளங்காத இன்னொரு விதி, வலப்பக்கத்து முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி. கிராமத்துப் பெரிய தெருவில் நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள். வலப்பக்கம் இரண்டு கல் வீடுகளுக்கு நடுவிலிருந்து, சந்து என்றே தெரியாத சந்திலிருந்து, ஒரு பெரியவர் தன் வெள்ளை வேனை நிற்காமல் திருப்புவார். உரிமை அவருடையது. மஞ்சள் வைரம் போட்ட பலகை இருந்தால் நீங்கள் போகும் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகையில் குறுக்குக் கோடு விழுந்தால் அது முடிந்தது, இனி வலப்பக்கம் பார்த்துப் போங்கள். ரவுண்டானாவில் பெரும்பாலும் உள்ளே சுற்றுபவருக்கு வழிவிட வேண்டும்.

வேகம்: நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 80. சில மாவட்டங்கள் சில சாலைகளுக்கு 90 ஆக்கியிருக்கின்றன, பலகை சொல்வதைக் கேளுங்கள். ஊருக்குள் 50. இதற்குத் தனியாக வேகப் பலகை வைக்க மாட்டார்கள். சிவப்பு விளிம்போடு ஊர்ப் பெயர் எழுதிய பலகையே 50 என்பதற்கு அறிவிப்பு. அதே பெயர் குறுக்குக் கோட்டோடு வந்தால் ஊர் முடிந்தது. ராடார் கேமரா எங்கும் இருக்கிறது. அபராதம் வாடகை நிறுவனம் வழியாகப் பல வாரம் கழித்தும் வீடு தேடி வரும், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்ப்பார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், புது ஓட்டுநருக்கு 0.2. காதில் செருகும் கருவி போட்டுக்கொண்டு ஓட்டுவதும் குற்றம்.

மலைச்சாலையில் இரண்டு வண்டி தாண்ட முடியாத குறுகல் வந்தால், இறங்கி வருபவர் முதலில் நிற்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து வாருங்கள். பின்னால் உள்ளூர் வண்டி நெருங்கினால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். அவருக்கு அது வேலைக்குப் போகும் வழி.

ஏழு நாள்

ஞாயிறு. கிளேர்மோனிலிருந்து மேற்கே ஏறினால் அரை மணி நேரத்தில் எரிமலைகள். எண்பதுக்கு மேற்பட்ட அணைந்த எரிமலைகள் வரிசையாக நிற்கும் இந்த மலைத்தொடரை 2018இல் யுனெஸ்கோ உலக மரபில் சேர்த்தது. 1,465 மீட்டர் உயரமுள்ள புய்-த-தோம் உச்சிக்குச் சொந்தக் காரில் போக முடியாது; அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பற்சக்கர ரயிலில் ஏற வேண்டும். மேலே நின்று பார்த்தால் கிண்ணம் கவிழ்த்ததுபோல வரிசையாகப் பச்சைக் குன்றுகள், சிலவற்றின் நடுவே வாய் தெரியும். பிறகு ஓர்சிவால், கெரி கணவாய், மோன்-தோர் வழியாக பெஸ். இரவு பெஸ்ஸிலோ, அதே பெயரில் பாலாடைக்கட்டி செய்யும் சான்-நெக்தேரிலோ தங்கலாம். புறப்படும் காலையிலேயே ரொட்டிக்கடைக்குப் போய்விடுங்கள், ஞாயிறு பிற்பகல் எதுவும் திறந்திருக்காது.

திங்கள். கிராமத்து உணவகங்கள் பலவற்றுக்கு விடுமுறை நாள். அதனால் அன்றைக்கு வெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி வைத்திருக்கிறேன். சலேர்ஸ் கறுத்த எரிமலைக் கல்லில் கட்டிய சின்ன ஊர். அதைச் சுற்றியுள்ள புல்வெளியில் செம்பழுப்பு நிறத்தில், நீண்டு வளைந்த கொம்போடு மேய்பவை சலேர்ஸ் மாடுகள். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பக்கத்திலேயே கட்டினால்தான் அவை பால் கொடுக்கும். இன்றும் சில பண்ணைகளில் அப்படித்தான் கறக்கிறார்கள். கன்று முட்டிப் பால் சுரக்கும் நாட்டு மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். அங்கிருந்து பா-த-பேரோல் கணவாய்க்கு ஏறுங்கள். கடைசிச் சில கிலோமீட்டர் செங்குத்து, மெதுவாக. மேலே வண்டியை விட்டு, படிகளில் அரை மணி நேரம் ஏறினால் 1,783 மீட்டர் உயரத்தில் புய் மரி. சுற்றிலும் பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் ஆரங்கள்போலப் பிரிந்து போகும். இறங்கி முராவில் தங்கல்.

செவ்வாய். சான்-ஃப்ளூரில் டேங்கை நிரப்புங்கள். இனி வரும் ஓப்ராக் மேட்டுநிலத்தில் பெட்ரோல் நிலையம் அரிது. பேரங்காடிகளோடு சேர்ந்த நிலையங்களில் விலை குறைவு. ஆளில்லாத நேரத்தில் கார்டு போட்டால் இயந்திரம் ஒரு பெரிய தொகையை முதலில் பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கும், பயப்பட வேண்டாம். வழியில் கராபி ரயில் பாலம். ஐஃபெல் நிறுவனம் 1884இல் முடித்தது. பாரிஸ் கோபுரத்துக்கு ஐந்தாண்டு மூத்தது. அடுத்து ஷோத்ஸ்-எக்: 82 டிகிரியில் வெந்நீர் ஊற்றெடுத்துத் தெருவில் ஆவி பறக்கும் ஊர். பிறகு கத்திக்குப் பேர்போன லாயோல் வழியாக நாஸ்பினால் வரை போகும் சாலைதான் இந்த ஏழு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது. மரமே இல்லாத புல்வெளி, கல் அடுக்கிய வேலி, கண்ணுக்கு மை தீட்டியதுபோன்ற ஓப்ராக் மாடுகள், பெரிய வானம். அங்கே நிறுத்தி இறங்கிப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

அந்தப் பகுதி உணவு அலிகோ. உருளைக்கிழங்கை மசித்து, அதில் புதிய பாலாடைக்கட்டியைச் சேர்த்து மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். கரண்டியைத் தூக்கினால் ஒரு முழ நீளத்துக்கு நாடாபோல இழுபடும், அறுபடாமல் தட்டில் இறங்கும். சைவர்களும் சாப்பிடலாம் என்றாலும், வழக்கமாகக் கூடவே ஒரு தொத்திறைச்சி வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 'நி வியாந்த், நி புவாஸோன்' என்றால் இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். இதேபோன்ற த்ருஃபாத் என்ற பதார்த்தத்தில் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள்.

புதன். லா கனூர்க் வழியாகச் சுண்ணாம்புக்கல் மேட்டில் ஏறி, திடீரென்று தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறோம். சாந்த்-எனிமியில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து ஆற்றை ஒட்டிப் போகும் டி907பி சாலை, பாறையைக் குடைந்த வளைவுகளும் சின்னச் சுரங்கங்களுமாக இருக்கும். கோடையில் பேருந்தும் எதிரே வரும், ஒலியெழுப்பித் திரும்புங்கள். லா மலேனில் படகோட்டிகள் தட்டையான மரப்படகில் ஆற்றோடு அழைத்துப்போய், வேனில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சாலையிலிருந்து தெரியாத பள்ளத்தாக்கின் குறுகலான பகுதியைப் பார்க்க அதுதான் வழி, காலையில் போனால் கூட்டம் குறைவு. மாலைக்குள் மியோ.

வியாழன். மியோ பாலம் 2004 டிசம்பரில் திறந்தது; 2,460 மீட்டர் நீளம், தூண் உச்சி 343 மீட்டர். நான் அதன்மேல் ஓட்டிப் போவதைவிடக் கீழிருந்து பார்க்கத்தான் சொல்வேன். மேலே போனால் சுங்கம் கட்டி ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள், பாலம் தெரியாது. பக்கத்தில் பேர் என்ற கிராமம் பாறையில் ஒட்டிக் கட்டியது. அங்கிருந்து காலை வெளிச்சத்தில் பார்த்தால் தூண்கள் பனிமூட்டத்திலிருந்து எழுந்து நிற்கும். பிறகு ரோக்ஃபோர்: மலைச்சரிவின் பிளவுகள் வழியாகக் காற்று வந்துபோகும் குகைகளில் செம்மறிப் பால் கட்டி நீலம் பூக்கிறது. திரும்பி வந்து ஜோந்த் பள்ளத்தாக்கில் ஏறுங்கள். அழிந்துபோன பிணந்தின்னிக் கழுகுகளை 1981 முதல் மீண்டும் அங்கே விட்டார்கள். இன்று பாறை விளிம்பில் சிறகை விரித்து வட்டமிடுவதை வண்டியிலிருந்தே பார்க்கலாம். மெய்ருவேஸ் தாண்டி ஃப்ளோராக்கில் இரவு.

வெள்ளி. ஃப்ளோராக்கிலிருந்து சான்-ஜான்-டு-கார் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மலை முகட்டிலேயே ஒரு சாலை போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளர்ந்தெழுந்த புரோட்டஸ்டண்ட் மலைமக்களை அடக்கப் படை நடத்திப்போவதற்காக அகலப்படுத்திய வழி அது. இருபக்கமும் நீல மடிப்புகளாக மலை. செஸ்ட்நட்டை இங்கே ரொட்டி மரம் என்பார்கள், ஏழைகளின் சோறு அதுதான். முசுக்கட்டையைப் பொன் மரம் என்பார்கள், பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த மலை இது. ஆந்தூஸ் தாண்டியதும் காற்றின் வாசனையே மாறும், சூடு ஏறும், சில்வண்டு கத்தத் தொடங்கும். இரவு உஸேஸ்.

சனி. உஸேஸ் சந்தை நாள். இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பச் சொன்னேன். ஒன்பது மணிக்கு முன் போய், ஆலிவ், ஆட்டுப்பால் கட்டி, பழம் வாங்கிக்கொண்டு போன் டு காருக்குப் போங்கள், சிறிது தூரம்தான். மூன்றடுக்காக 49 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலம், முதல் நூற்றாண்டில் உஸேஸ் ஊற்றுநீரை ஐம்பது கிலோமீட்டர் கால்வாயில் நீம் நகரத்துக்குக் கொண்டுபோனது. ஆற்றங்கரைக் கற்களில் உட்கார்ந்து சந்தையில் வாங்கியதைச் சாப்பிடலாம்.

தங்குவதும் பழகுவதும்

நான் பெரும்பாலும் தங்குவது 'ஷாம்ப்ர தோத்' எனப்படும் வீட்டறைகளில். சட்டப்படி ஒரு வீட்டில் ஐந்து அறைக்கு மேல் விடக் கூடாது, காலை உணவு சேர்ந்தே இருக்கும். சிலர் இரவுச் சாப்பாடும் போடுவார்கள். முந்தின நாளே சொல்ல வேண்டும், எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ஓப்ராக்கில் வெளியே உணவகம் தேடுவதைவிட இது நிச்சயம். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் போய்ச் சேருங்கள். தாமதமானால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள், காத்திருப்பவர் ஒரு தனி மனிதர்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் சொல் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டால் உங்கள் அரைகுறைப் பிரெஞ்சையும் பொறுமையாகக் கேட்பார்கள். உணவகத்தில் 'காராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கூஜாவில் வரும்.

வண்டி நிறுத்தும் விஷயத்தில் ஒரு முறை நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். மாலையில் ஒரு சிற்றூரின் சதுக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது, நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலை எட்டு மணிக்கு வந்தால் கார் இருந்த இடத்தில் தக்காளிக் கூடைகள். வாரச் சந்தைக்காக ஐந்து மணிக்கே இழுத்துப் போயிருந்தார்கள். கம்பத்தில் சின்னப் பலகை இருந்தது, கிழமையும் நேரமும் எழுதி. அன்றிலிருந்து சதுக்கத்தில் நிறுத்துமுன் ஒவ்வொரு கம்பத்தையும் படித்துவிடுவேன். நீலக் கோடு போட்ட இடம் இலவசம்தான், ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைத் தட்டை கண்ணாடியில் வைக்க வேண்டும். புகையிலைக் கடையில் கிடைக்கும்.

ஏதாவது ஆனால் 112. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், ஆரஞ்சு நிறத் தொலைபேசிக் கம்பத்திலிருந்து கூப்பிடுங்கள். அங்கே உங்கள் இஷ்டத்துக்கு இழுவண்டியை வரவழைக்க முடியாது, அனுமதி பெற்றவர்தான் வருவார்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பது

அவிஞோனில் இரண்டு ரயில் நிலையங்கள். ஒன்று பழைய நகரின் மதிலருகே, இன்னொன்று அதிவேக ரயிலுக்காக ஊருக்கு வெளியே. உங்கள் வாடகை அலுவலகம் எதில் இருக்கிறது, ரயில் எதிலிருந்து கிளம்புகிறது என்று முன்பதிவிலேயே பாருங்கள். பாரிஸுக்கு அதிவேக ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரம்தான். ரயிலுக்கு ஒன்றரை மணி முன்னதாக வந்து, பக்கத்துப் பேரங்காடியில் டேங்கை நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் முள்ளையும் ஓடிய தூரத்தையும் படம் எடுங்கள். சாவியைக் கொடுக்கும் முன் ஓர் அலுவலரோடு சேர்ந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, சரி என்று எழுதி வாங்குங்கள். இருக்கைக்கு அடியிலும் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். பென்சில் கோடு போட்ட அந்த வரைபடம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.